காப்பாற்றிய காலுக்கும் ஒரு வழி காட்டுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

மிதிவெடியில் காலை இழந்தவர் அடுத்து எங்கே போகவேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ‘ஜெய்ப்பூர் கால்’ என்ற செயற்கைக் காலின் பெயர் 1980களின் பிற்பகுதியிலிருந்தே எங்கள் ஊர்ப்பேச்சில் கலந்துவிட்டது. ஆனால் பனையால் விழுந்து குதி எலும்பு நொறுங்கியவருக்கும், மோட்டார் சைக்கிள் சில்லுக்குள் பாதம் அகப்பட்டவருக்கும், கிணறு இறைக்கப்போய்க் கல் விழுந்து நடுப்பாதம் சிதைந்தவருக்கும் அப்படியொரு வழி தெரிவதில்லை. தகடும் ஆணியும் வைத்து, தோல் ஒட்டி, வைத்தியர்கள் பாதத்தைக் காப்பாற்றிவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு பொருந்தியிருக்கிறது. விடுவிப்புத் துண்டு எழுதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்தவரோ ஊன்றுகோலை விடமுடியாமல் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று விறாந்தையில் இருக்கிறார். அவருக்கு வேண்டியது செயற்கைக் கால் அல்ல, இருக்கிற காலைத் தாங்கும் ஒரு தாங்கி. கிளினிக்கில் ஏ.எவ்.ஓ. (AFO, கணுக்கால்-பாதத் தாங்கி) என்று எழுதிக் கொடுப்பது அதைத்தான். செயற்கைக் கால் செய்கிற இடங்களிலேயே இதையும் அளவெடுத்துச் செய்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

தெரியாதவர்கள் மருந்துக்கடையிலோ முகநூல் விளம்பரத்திலோ சிறிது, நடுத்தரம், பெரிது என்று விற்கும் ஆயத்தத் தாங்கியை வாங்குகிறார்கள். அதை முற்றாகக் குறை சொல்வதற்கில்லை. பாதத்தின் வடிவம் கெடாமல், நரம்பு பாதிக்கப்பட்டு முன்பாதம் மட்டும் தொங்குபவருக்கு அது போதுமானதாக இருக்கலாம். நொறுங்கிய குதி எலும்பு அப்படியல்ல. பொருந்தும்போது அது பெரும்பாலும் அகன்று, உயரம் குறைந்து பொருந்துகிறது. வெளிக் கணுக்கால் மொளி முன்பிருந்ததைவிடத் தரைக்கு அண்மையில் வந்துவிடும். சாதாரணப் பாதத்துக்கு வார்த்த பிளாஸ்ரிக் ஓடு சரியாக அந்த மொளியிலும் அகன்ற குதியின் பக்கங்களிலும் போய் இடிக்கும். இரண்டாம் நாள் சிவப்பு, நாலாம் நாள் கொப்புளம், அடுத்த கிழமை தாங்கி கட்டிலுக்கு அடியில்.

‘ஏ.எவ்.ஓ.’ என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒரே பொருள் என்று நினைப்பது இன்னொரு தவறு. முன்பாதம் மட்டும் தொங்குகிறதென்றால் 3 மில்லிமீற்றர் பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் தகட்டில், மொளிகளுக்குப் பின்னால் ஒடுக்கமாக வெட்டிய, வளைந்து நிமிரும் தாங்கி போதும். கணுக்கால் மூட்டு தேய்ந்து, அசையும்போதெல்லாம் வலிக்கிறதென்றால் அதே வளைவு கேடு செய்யும். அவருக்கு 4 அல்லது 5 மில்லிமீற்றர் தகட்டில், வெட்டு விளிம்பு மொளிகளுக்கு முன்னால் வரும்படி, கணுக்காலை அசையவிடாத தாங்கி வேண்டும். கணுக்கால் அசையாதவர் உருண்டு நடப்பதற்குச் சப்பாத்தின் அடியும் முன்பக்கம் வளைந்ததாக இருக்கவேண்டும். அதை மறந்துவிட்டுத் தாங்கியை மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் பின்னுக்குத் தள்ளப்படும். நடுப்பாத மூட்டுகள் சிதைந்தவருக்குக் கணுக்காலை அடைப்பதைவிடச் சப்பாத்துக்குள் விரல் நுனிவரை போகும் விறைப்பான அடித்தகடு அதிகம் உதவும். குதிக்கால் பாரத்தையே பொறுக்காதவருக்கு, முழங்காலுக்குக் கீழே முன்னும் பின்னும் இறுகப் பிடித்து, பாரத்தில் ஒரு பங்கை அங்கே ஏற்றும் தாங்கி இருக்கிறது. அதில் குதிக்கால் சற்றுத் தொங்கி நிற்பதால் அந்தக் கால் நீளும். மற்றச் சப்பாத்தின் அடியையும் அதே அளவுக்கு உயர்த்தாவிட்டால் இடுப்பு வலி கூடவே வரும். முழுப் பாரத்தையும் இந்தத் தாங்கி எடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இனி, தாங்கி செய்யும் நாங்கள் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கான முக்கிய காரணம். காயப்பட்டவர் கிழமைக்கணக்கில் படுக்கையில் இருக்கும்போது போர்வையின் பாரத்திலும் தன் பாரத்திலும் பாதம் கீழ்நோக்கிச் சரிந்தபடியே கிடக்கிறது. பின்னங்கால் தசையும் குதிநாணும் அந்த நீளத்துக்கே சுருங்கிவிடுகின்றன. எலும்பு பொருந்தி எழும்பி நிற்கும் நாளில் குதிக்கால் நிலத்தில் முட்டாது. இதைத் தடுப்பதற்கு வேண்டியது பெரிய செலவல்ல. படுக்கையில் இருக்கும்போதே பாதத்தைச் செங்கோணத்தில் வைக்கும் ஒரு தற்காலிகப் பின்தகடும், வைத்தியர் அனுமதித்த அளவுக்குள் நாளாந்தம் மூட்டை அசைப்பதும் போதும். எங்களிடம் வருகிறவர்களில் பலர் இந்தச் சரிவு இறுகிய பிறகே வருகிறார்கள்.

சரிவு இறுகிய பாதத்தை அளவெடுக்கும்போதுதான் பெரிய பிழை நடக்கிறது. அளவெடுப்பவர் கதிரையில் இருத்தி, முழங்காலை மடித்து, பாதத்தைப் பிடித்து 90 பாகைக்குத் தள்ளுவார். முழங்கால் மடிந்திருக்கும்போது பின்னங்கால் தசை தளர்ந்திருப்பதால் பாதமும் ஒத்துழைக்கும். தாங்கியும் அழகாக 90 பாகையில் வரும். அவர் எழும்பி முழங்காலை நீட்டிய கணத்தில் தசை இழுக்கும். இழுவை எங்காவது போகவேண்டும்: குதிக்கால் தாங்கிக்குள் இருந்து மேலெழும்பும், அல்லது நடுப்பாதத்தின் வளைவு சரிந்து தட்டையாகும், அல்லது முழங்கால் பின்னுக்கு வளையும். நோயாளியோ ‘தாங்கி சரியில்லை’ என்கிறார். பிளாஸ்ரிக்கில் ஒரு பிழையும் இல்லை, எடுத்த கோணந்தான் பிழை. ஆகவே அளவெடுக்குமுன் முழங்காலை நீட்டிவைத்து, குதிக்காலை உட்பக்கமோ வெளிப்பக்கமோ சரியவிடாமல் பிடித்து, பாதம் எவ்வளவு மேலே வருகிறது என்று பார்க்கவேண்டும். 90 பாகைக்கு வரவில்லையென்றால் வருகிற இடத்திலேயே பிளாஸ்டர் வார்ப்பு எடுத்து, குறைகிற உயரத்தைக் குதிக்குக் கீழே ஆப்பாக வைக்கவேண்டும். கணக்கு சுலபம். குதியின் நடுவிலிருந்து பெருவிரல் மூட்டுவரை 16 சென்ரிமீற்றர் நீளமுள்ள பாதத்துக்கு 5 பாகை சரிவென்றால் ஏறத்தாழ 1.4 சென்ரிமீற்றர் ஆப்பு. 10 பாகையென்றால் 2.8 சென்ரிமீற்றர். அதற்கேற்ப மற்றக் காலின் சப்பாத்தும் உயரவேண்டும். பயிற்சியால் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தால் ஆப்பைச் சீவிக் குறைக்கலாம்.

வீக்கமும் இப்படித்தான். காலையில் ஒரு அளவு, பின்நேரம் ஒரு அளவு என்று மாறும் காலுக்கு வார்ப்பு எடுக்கக்கூடாது. மொளிக்கு மேலேயும் பின்னங்காலின் பருத்த இடத்திலும் நாடாவால் அளந்து எழுதி, ஒரு கிழமை கழித்து அதே நேரத்தில் அதே இடத்தில் மீண்டும் அளக்கவேண்டும். வித்தியாசம் 5 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் இன்னும் பொறுக்கலாம். அவசரப்பட்டு எடுத்த வார்ப்பில் செய்த தாங்கி, வீக்கம் வற்றியதும் தகரப் பேணிக்குள் தடி விட்டதுபோல ஆடும்.

வார்ப்பு எடுக்கும் நாளில் நோயாளியும் வீட்டாரும் கவனிக்கவேண்டியவை சில. பருத்திக் குழாய்த்துணியைக் காலில் இழுத்து, அழியாத பென்சிலால் இரண்டு மொளிகள், பாதத்தின் உட்பக்கம் துருத்தும் எலும்பு, சின்னவிரல் பக்க எலும்பின் அடி, விரல் மூட்டுகள், முழங்காலுக்கு வெளிப்பக்கம் தட்டுப்படும் சிறு எலும்பின் தலை ஆகியவற்றைக் குறிப்பார்கள். தழும்பு, ஒட்டிய தோல், உள்ளே ஆணியின் தலை தட்டுப்படும் இடம், தொட்டால் மின்சாரம் போல் பாயும் இடம் ஆகியவற்றையும் குறிக்கச் சொல்லி நீங்களே காட்டுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கடைசி இரண்டும் தெரியாது. குறித்த இடங்களுக்கு மேல் பிறகு அச்சில் 5 மில்லிமீற்றர் அளவுக்குச் சாந்து கூட்டி வைப்பார்கள். அந்த அளவு இடைவெளி தாங்கியில் கிடைக்கும். குறிக்காத இடத்துக்குக் கிடைக்காது. பிளாஸ்டர் துணி காலில் இறுகும்வரை பாதத்தை அசைக்கக்கூடாது. விரலை ஒருமுறை மடக்கினாலும் அந்த மடிப்பு அச்சில் விழுந்துவிடும்.

பிறகு நடப்பது பட்டறை வேலை. கழற்றிய வார்ப்புக்குள் பிளாஸ்டர் ஊற்றிக் காலின் அச்சு எடுத்து, செதுக்கி, உலரவிட்டு, 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பில் தகட்டை வைப்பார்கள். வெள்ளைத் தகடு கண்ணாடி போலத் தெளியும்போது எடுத்து அச்சின்மேல் போர்த்து, காற்றை உறிஞ்சி ஒட்டவைப்பது வழக்கம். (அந்த இரண்டு நிமிடத்துக்குள் மின்சாரம் போனால் தகடு குப்பைக்குத்தான்.) சூடு ஆறுமுன் அச்சிலிருந்து கழற்றினால் ஓடு சுருங்கிக் கோணும். அதனால் ஓர் இரவாவது அச்சிலேயே கிடக்கவேண்டும். ‘இண்டைக்கே தாங்கோ’ என்று தூரத்திலிருந்து வருகிறவர்கள் கேட்பது நியாயந்தான், பஸ் செலவு அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அன்றைக்கே கொடுத்தால் மறுபடியும் வரவேண்டியிருக்கும். வெட்டிய விளிம்பைக் கண்ணாடித்தாள் தேய்த்து மழுக்கியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். கணுக்கால் ஓரத்தில் ஒரு சிறு கீறல் இருந்தால் ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

தாங்கியை வாங்கும் நாளில் நாலு விடயம் பார்த்துவிட்டே எழும்புங்கள். மேல்விளிம்பு, முழங்காலுக்கு வெளிப்பக்கமுள்ள அந்தச் சிறு எலும்பின் தலைக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கவேண்டும். அங்கே தோலுக்கு அடியில் ஓடும் நரம்பு நசிந்தால், தொங்காத பாதமும் தொங்கத் தொடங்கும். இரண்டாவது, கணுக்கால் பட்டி பாதத்தின் மேல் வளைவில் சரிவாக, குதியைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுப்பதாக இருக்கவேண்டும். நேராகக் குறுக்கே போகும் பட்டி குதியைப் பிடிக்காது. மூன்றாவது, எழும்பி நின்று பத்து அடி நடந்து பார்க்கும்போது குதி உள்ளே ஏறி இறங்கக்கூடாது. நாலாவது, இடிக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பது. மொளியில் கொஞ்சம் உதட்டுச்சாயம் பூசித் தாங்கியைப் போட்டு நடந்துவிட்டுக் கழற்றினால், இடிக்கும் இடம் பிளாஸ்ரிக்கில் சிவப்பாகப் பதிந்திருக்கும். பட்டறைகளில் உதட்டுச்சாயம் ஏன் இருக்கிறது என்று வியப்பவர்களுக்கு இதுதான் விடை. அந்த இடத்தை வெப்பக்காற்றால் இளக்கி வெளியே தள்ளிவிடலாம்.

முதல் நாள் காலையில் ஒரு மணி நேரம், பின்நேரம் ஒரு மணி நேரம் போதும். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் நல்லது. மறையாமல் நின்றால் அடுத்த நாள் போடாமல் பட்டறைக்கு வாருங்கள். பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு போகலாம். பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், ஒட்டுத்தோல் உள்ளவர்கள் வலி சொல்லித் தரும் என்று காத்திருக்கக்கூடாது. ஒரு சின்னக் கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலை நாள்தோறும் பார்க்கவேண்டும். குதியில் ஒட்டிய தோலுக்கு அடியில், இயற்கையாகக் குதிக்கு உள்ள கொழுப்பு மெத்தை இல்லை. அதனால் தாங்கிக்குள் 5 அல்லது 6 மில்லிமீற்றர் மென்நுரை வைக்கிறோம். அது சில மாதங்களில் அமுங்கித் தட்டையாகிவிடும். விரலால் அழுத்தினால் மீண்டும் எழும்பாத நுரை வேலை செய்யாத நுரை. தாங்கி உடையவில்லையே என்று அதையே தொடர்ந்து போட்டால் தோல் வெடிக்கும்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இல்லாத, எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஜெய்ப்பூர் கால் 1968இல் இந்தியாவில் உருவானபோது, வெறுங்காலோடு நடப்பவர்களையும் குந்தியிருப்பவர்களையும் மனதில் வைத்தே உருவாக்கப்பட்டது. பிளாஸ்ரிக் தாங்கியோ நாள் முழுக்கச் சப்பாத்துப் போடும் நாடுகளிலிருந்து வந்தது. ஒரு சென்ரிமீற்றர் குதியுள்ள சப்பாத்துக்குக் கணக்குப் பார்த்துச் செய்த தாங்கியைச் சப்பாத்தில்லாமல் சிமெந்து நிலத்தில் போட்டு நடந்தால், முழுக் காலும் பின்னுக்குச் சாய்ந்து முழங்கால் பின்வளையும். பிளாஸ்ரிக் அடி வழுக்கும். எங்கள் வீடுகளில் சப்பாத்து வாசலோடு நின்றுவிடுகிறது. ஆகவே அநேகர் வீட்டுக்குள் தாங்கியைக் கழற்றிவிட்டு நொண்டுகிறார்கள். நாளில் அரைவாசி அடிகள் வீட்டுக்குள்ளும் முற்றத்திலுந்தான்.

இதற்குத் தீர்வு உண்டு. பின்பட்டியும் மேலே அகலமாகத் திறக்கும் வெல்க்ரோவும் உள்ள ஒரு செருப்பை வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளியே போடும் சப்பாத்தின் அதே குதி உயரத்தில். அல்லது தாங்கியின் அடியிலேயே, அந்தக் குதி உயரத்துக்குச் சரிசெய்து, றப்பர் அடி ஒட்டித் தரலாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதியில் செருப்பில்லாமல் நிற்க விரும்புகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். கோயிலுக்கென்றே தனி றப்பர் அடி வைத்த பழைய தாங்கி ஒன்று இருந்தால் மனச்சங்கடமும் இல்லை. கணுக்கால் அசையாத தாங்கியோடு குந்த முடியாது. மலசலகூடத்தில் கதிரைவகைக் கொமோட்டும் சுவரில் ஒரு கைப்பிடிக் குழாயும் தாங்கியோடு சேர்த்துத் திட்டமிடவேண்டியவை. மீண்டும் விழுவது பெரும்பாலும் கிணற்றடியில், தாங்கியைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போகும் அந்த ஈர நிலத்தில். அங்கே ஒரு பிளாஸ்ரிக் கதிரை போடுங்கள்.

சப்பாத்தை இரண்டு இலக்கம் பெரிதாக வாங்கும் வழக்கத்தையும் விடவேண்டும். நீளம் கூடினால் நுனி தடக்கும். உள்ளே இருக்கும் நுரைத்தகட்டை எடுத்துவிட்டு, அகலமான, கயிறு விரல் பக்கம்வரை திறக்கும் சப்பாத்தைத் தெரிவுசெய்தால் ஓர் இலக்கம் கூட்டினாலே பெரும்பாலும் போதும். சப்பாத்து வாங்கப் போகும்போது தாங்கியோடு போங்கள். வெல்க்ரோவில் மணலும் பனைநாரும் சிக்கினால் பிடிக்காது, பழைய சீப்பால் வாரினால் சரி. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் தாங்கியை விடவேண்டாம். பிளாஸ்ரிக் தாங்கும், உள்ளிருக்கும் நுரையும் பசையும் தாங்கா.

காபன் நார்த் தாங்கிகளைப் பற்றிப் புலம்பெயர்ந்த உறவுகள் காணொளி அனுப்புகிறார்கள். அமெரிக்காவின் சான் அன்ரோனியோவில் உள்ள இராணுவப் புனர்வாழ்வு நிலையத்தில், காயப்பட்ட கால் இருந்தும் வலியால் நடக்கமுடியாத படையினருக்காக அப்படியொரு தாங்கி உருவாக்கப்பட்டது உண்மை. முழங்காலுக்குக் கீழே இறுகப் பிடிக்கும் வளையம், பின்னால் காபன் தண்டுகள், அடியில் உருளும் தகடு. காலை வெட்டிவிடலாம் என்று எண்ணியவர்களிற் பலர் அதன்பின் மனம் மாறினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்தத் திட்டம் 8 கிழமைப் பயிற்சி. முதல் 4 கிழமை தாங்கி இல்லாமலே பயிற்சி, அடுத்த 4 கிழமை தாங்கியோடு. காணொளியில் ஓட்டம் தெரிகிறது, பயிற்சி தெரிவதில்லை. தவிர, வார்த்து முடிந்த காபனை மறுபடி இளக்கித் திருத்தமுடியாது. இடித்தால் இடித்ததுதான். வீக்கம் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் காலுக்கு, வெப்பக்காற்றில் பத்து நிமிடத்தில் திருத்தக்கூடிய பொலிப்புரொப்பிலீனே முதல் தாங்கியாக இருக்கட்டும். ஒரு வருடம் கழித்து, கால் ஒரு நிலைக்கு வந்தபின், பாரவேலைக்கு அது போதவில்லையென்றால் காபனை யோசிக்கலாம்.

எங்கள் கோரிக்கை சிறியது. பாதக் காயத்தோடு விடுதியிலிருந்து போகிறவரின் துண்டில் சில வரிகள் கூடுதலாக எழுதப்படவேண்டும்: எந்த எலும்பு பொருந்தியது, எவ்வளவு பாரம் ஊன்றலாம், கணுக்கால் எவ்வளவு அசைகிறது, ஆணியால் பூட்டப்பட்டதா, தோல் ஒட்டிய இடமும் உணர்ச்சி இல்லாத இடமும், தாங்கிக்கு அளவெடுக்க எந்தக் கிழமையில் போகவேண்டும். இவை இல்லாமல் வருகிறவரைத் திருப்பி அனுப்பவும் மனம் வராது, அளவெடுக்கவும் துணிவு வராது. என்பு முறிவுக் கிளினிக் நடக்கும் நாளில் தாங்கி செய்பவரும் இயன்மருத்துவரும் அதே அறையில் இருந்தால் இந்த வரிகளும் தேவைப்படா. அது நடக்கும்வரை துண்டாவது எழுதுங்கள்.

தாங்கி பெற்றவர்களும் 2 கிழமை, 6 கிழமை, 3 மாதம், 6 மாதம் என்று திரும்பி வரவேண்டும். பலர் இரண்டாவது முறை வருவதேயில்லை. சும்மா கிடந்த தசை நடக்க நடக்கப் பருக்கும், வீக்கம் வற்றும், முதல் நாள் பொருந்தியது மூன்றாம் மாதம் பொருந்தாது. அப்படிப் பொருந்தாமல் போனதைப் பக்கத்து வீட்டில் கால் முறிந்தவருக்குக் கொடுப்பதும் நடக்கிறது. தயவுசெய்து கொடுக்கவேண்டாம், எங்களிடம் கொண்டுவாருங்கள். பட்டியும் ஆணியும் எடுத்து வேறொருவருக்குப் பயன்படுத்துவோம். ஓடு உங்கள் காலுக்கு மட்டுமே.

இப்படிக்கு,
தாங்கி செய்யும் தொழில்நுட்பவியலாளர் சிலர்,
யாழ்ப்பாணம்.